மாரிக்கனியின் கால்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஜவுளிக்கடைப் பெண்கள் கால்களைத் தொடையோடு கழற்றி, கல்லுப்பு போட்ட வெந்நீர் அண்டாவில் ஊற வைப்பார்கள். காலையிலிருந்து நின்று மரத்துப்போன கெண்டைக்காலுக்கு வேறு மருந்து ஏது? கடையில் அவர்களுக்கென்று ஒரு முக்காலிகூடக் கிடையாது. விற்கிறவள் உட்கார்ந்தால் பட்டுப்புடவை கோபித்துக்கொள்ளும் என்பது மேற்பார்வை பார்க்கும் தங்கச்சாமி அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு. மகராசன்!

சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடிக்கும்போது கவுண்டரில் நிற்காதவளின் இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்திவிடுவார்கள். அதோடு அவள் வேலை போச்சு. போன ஆடித் தள்ளுபடியில் முத்துமணி அப்படித்தான் பெட்டியைக் கட்டினாள்.

அன்று மாரிக்கனி சாப்பிட்டுக் கையை ஊன்றி நகர்ந்து வந்து பார்த்தால், அண்டாவில் அவள் கால்களைக் காணோம். அடையாளத்துக்குக் கறுப்புக் கயிறுகூடக் கட்டியிருந்தாள். பொம்மையின் கால்கள் இரண்டுதான் மிதந்துகொண்டிருந்தன. பொம்மைகளும் நின்றே பிழைப்பவை, அங்கேதான் ஊற வைக்கும். ஏதோ ஒன்று அவசரத்தில் மாற்றி மாட்டிக்கொண்டு போய்விட்டது, பாழாய்ப்போனது!

"எக்கா, மணியடிக்கப் போவுது! கிடைச்சத மாட்டிட்டு வாங்க," என்று கத்திவிட்டு ஓடினாள் பக்கத்துக் கவுண்டர் பேச்சித்தாய்.

மாரிக்கனி அந்தப் பொம்மைக் கால்களை மாட்டினாள். முட்டி மடங்கவில்லை. சுவரைப் பிடித்து விந்தி விந்திப் படியேறினாள். மேலே மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் இடத்துக்கு அண்ணாச்சி ஒரு பொம்மையைத் தூக்கி வந்துகொண்டிருந்தார். மணி ஓய்வதற்குள் கவுண்டரைத் தொட்டுவிட்டாள். அவர் பொம்மையைத் தூணோரம் இறக்கினார்.

அப்பாடா! வலியே இல்லை.

தூணோரப் பொம்மையின் கணுக்காலில் கறுப்புக் கயிறு இருந்தது. அதன் தொடை நடுங்கியது. இப்போது கழற்றிக் கேட்டால் நிற்காதவள் ஆகிவிடுவோமே என்று மாரிக்கனி வாயை மூடிக்கொண்டாள்.

"அடப் பாவமே, பொம்மைக்குக் கால் இழுக்குது போல. விழுந்தா ஒடிஞ்சிருமே! யாருலே அங்க, ஒரு நாற்காலி கொண்டா!" என்றார் அண்ணாச்சி.

பொம்மை பட்டுப்புடவையோடு உட்கார்ந்தது.

"ஏட்டி மாரிக்கனி, சும்மாதான நிக்க? கொஞ்சம் தைலம் தேச்சு விடு."

முட்டி மடங்காததால் அவள் இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்தாள். அந்தக் கெண்டைக்காலில் எங்கே அமுக்கினால் இதமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயே அமுக்கினாள். பொம்மை கண்ணை மூடிக்கொண்டது.