கட்டாத மல்லிகை

வள்ளியம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பால் வாளி நிறையாவிட்டால் ரப்பர் மரத்தைத் திட்டுவாள், மழை பிடித்துக்கொண்டால் வானத்தைத் திட்டுவாள். அதையெல்லாம் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெற்ற மகளையே திட்டினாளே, அதுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கலாவதி, லோரி ஓட்டும் உடையப்பனோடு சொல்லாமல் கொள்ளாமல் ரவாங்குக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் காலில் விழ வந்தாள். வள்ளியம்மா வாசலை மறித்து நின்றாள். "நீயும் ஒரு பிள்ளைய பெத்துப் பாருடி, அப்பத் தெரியும் என் வயிறு எரியறது!" எல்லாத் தாய்மாரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அன்றைக்கு அவள் வாயில் அது சாபமாகவே வந்தது. போன மகள் போனவள்தான், அதற்குப் பிறகு ஒரு கடுதாசிகூட இல்லை.

அப்படி இருக்கையில்தான் ஒரு சனிக்கிழமை காலை, மரம் சீவி முடித்து வந்து நின்றவளிடம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி பாலகிருஷ்ணன் சேதி கொண்டுவந்தான். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போன் பண்ணினாராம். வியாழக்கிழமை ஆண் பிள்ளையாம். ஆஸ்பத்திரியில் தங்கவில்லையாம், வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

வள்ளியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளையே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார் என்றால் மகள் மனம் இறங்கிவிட்டாள் என்றுதானே அர்த்தம்? குளித்த தலையைக்கூடத் துவட்டாமல் புக்கிட் ரோத்தான் டவுனுக்கு பஸ் ஏறிவிட்டாள். தோளில் தொங்கிய பையில், பழைய வேட்டியைக் கிழித்துப் பிள்ளைக்கு மடித்துவைத்த துணிகள். கிழித்தது இன்றைக்கு அல்ல. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று யாரோ சொன்ன அன்றைக்கே கிழித்து, துவைத்து, யாருக்கும் தெரியாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். வீம்பு பிடித்தவள்தான், அதற்காகக் கல் நெஞ்சு என்று சொல்லிவிட முடியாது.

அங்கே சேக் பரீது மளிகைக் கடையில் அவர் மனைவி சுல்தானாதான் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சாமான் என்று சொன்னதுமே போதும், சுல்தானா ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், பனங்கருப்பட்டி, நல்லெண்ணெய். பால் ஊற உரித்த பூண்டு, சுறாக் கருவாடு. பிள்ளை கையில் கட்ட வசம்பு. அடுக்குவதற்குக் காலி பிஸ்கட் டின் ஒன்றும் கொடுத்தாள். டின் மூடவில்லை. அழுத்தி மூடிக் கயிற்றால் கட்டும்போது, பேரன் யார் ஜாடையோ என்று சுல்தானா கேட்டாள். கோபத்தில் என் ஜாடையாக இல்லாமல் இருந்தால் சரி என்று வள்ளியம்மா சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு!

ரவாங் பஸ்ஸுக்காக நின்றவளைப் பார்த்து, அந்த வழியே வந்த பாலகிருஷ்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். நல்ல சேதியை இன்னொரு தரம் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? மாப்பிள்ளை சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லச் சொன்னாள்.

"'ஆம்பளப் பிள்ளை பொறந்துச்சு, தங்கலன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க'ன்னாருக்கா. ஆஸ்பத்திரியில தங்கல, டிஸ்சார்ஜ் ஆயிடுச்சுன்னு நான் புரிஞ்சிக்கிட்டேன்லா."

"வேற எதும் சொன்னாரா தம்பி?"

"இல்லக்கா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சந்தோஷத்துல அழுதிருப்பாரு."

கிள்ளானில் இங்கிலீஷ் பள்ளியில் படித்த பையன். பிறந்த பிள்ளை தங்கவில்லை என்றால் உயிர் தங்கவில்லை என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வள்ளியம்மா அவனைத் திட்டவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. போய்விட்டு வா தம்பி என்று அனுப்பிவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு கடைக்கே திரும்பினாள்.

கயிற்றை அவிழ்த்தாள். பூண்டை எடுத்து வெளியே வைத்தாள். கருவாட்டை எடுத்தாள். வசம்பை எடுத்தாள். பையிலிருந்த துணிகளைக் கொடுத்து வைத்திருக்கச் சொன்னாள். சுல்தானா விஷயத்தைப் புரிந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றச் சாமானெல்லாம் டின்னிலேயே இருந்தது. பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெற்றவள் உடம்பு பச்சை உடம்புதானே. இப்போது டின் சுலபமாக மூடியது, அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

பஸ் ஏறுமுன் பூக்கடையில் கால் கிலோ மல்லிகையை உதிரியாகக் கேட்டாள். கட்டாத பூ எதற்கு, வீட்டில் நல்ல காரியமா என்றாள் பூக்காரி. ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

ரவாங்கில் உடையப்பன்தான் கதவைத் திறந்தான். "வாங்க அத்தை" என்று சொல்லி ஒதுங்கி நின்றான். கலாவதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. அம்மா வந்தது தெரிந்தும் எழவில்லை.

"நீ சொன்னது பலிச்சிருச்சும்மா."

வழியெல்லாம் வள்ளியம்மா பயந்துகொண்டு வந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். கொடியில் கிடந்த நீளத் துணியை எடுத்து, தரையில் உட்கார்ந்து விரித்து, அதன்மேல் மல்லிகையைப் பரப்பினாள். அறையெல்லாம் கல்யாண வீட்டு வாசம். கலாவதி திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்கும்மா பூவு?"

"மாருல வச்சிக் கட்டணும்டி. நாலஞ்சு நாள்ல பால் வத்திரும். இல்லாட்டி நெறிகட்டி உசிர் போற வலி வலிக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வள்ளியம்மா பூவைச் சமமாகப் பரப்பிக்கொண்டே இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"உனக்கு முன்ன ஒருத்தன் பொறந்தான். அவனும் தங்கல. எனக்குக் கட்டிவிட யாருமில்ல. அஞ்சாம் நாளே மரம் சீவப் போயிட்டேன். சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு. வேலை வாங்க வந்த மண்டோர் என்னன்னு கேட்டான், ரப்பர் பால் சிந்திருச்சுன்னு சொன்னேன்."

கலாவதி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பித்தானைக் கழற்றினாள்.

"இறுக்கிக் கட்டும்மா" என்றாள்.