எரிந்த மண்ணின் பாசி

"ஊதாதேக்கா!"

குவிந்த உதடு அப்படியே நின்றது. அவள் கையிலிருந்த இடுக்கியின் முனையில் நகக்கண் அளவு பாசி. பாசியைப் பார்த்து வகை சொல்வதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. வாசலில் தம்பி, மாடிப்படிகளில் ஓடி ஏறிய மூச்சிரைப்போடு நின்றிருந்தான்.

"ஏன்டா?"

"கண்ணுல தூசி விழும்."

"அடேயப்பா, என் கண்ணு மேல அக்கறையா? இன்னிக்கு மழைதான்."

சிரித்தபடியே ஊதினாள். சிறு வயதில், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இருவரும் காட்டிய வித்தைதான். மயிரிழை போன்ற செந்நிறக் காம்புகள் காய்ந்தால் கயிறாக முறுக்கிக்கொள்ளும். மூச்சின் ஈரம் பட்டால் உயிர் வந்ததுபோல் சுழன்று பிரியும்.

சுழன்றன. நெருப்புப்பாசி. எங்கும் கிடைப்பதுதான், ஆனால் தீ எரிந்து அடங்கிய மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். சில மாதங்களில் பச்சைப் பாய் விரித்துவிடும். உருப்பெருக்கியில் வைத்தாள். வேரடியில் பொடிப்பொடியாகக் கரி.

மரக்கிடங்கு எரிந்து, உள்ளே தூங்கிய காவலாளி கருகி, இது ஐந்தாவது மாதம். அங்கே லாரி ஓட்டிய தம்பி, தீ பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே வேலையை விட்டுவிட்டதாகவும், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்றும் விசாரணையில் சொல்லியிருந்தான்.

சிரிப்பு அவள் முகத்திலேயே உறைந்தது. பாசி வந்த உறையைத் திருப்பினாள். 'காலணியின் அடியில் எடுத்தது. எண் 17.' பெயர் இல்லை. யாருடையது என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விசாரணை அலுவலகத்தின் வழக்கம். இவன் ஓடி வந்திராவிட்டால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

"இது உன் ஷூவாடா?"

அவன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான்.

இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனாலும் அவள் கால்கள் தாமாகவே மேசைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தன.

"அங்க எதுக்குடா போனே?"

"ஒண்ண விட்டுட்டு வந்துட்டேன். தேடப் போனேன்."

"எப்ப விட்டுட்டு வந்தே? வேலையை விட்ட அன்னிக்கா?"

அவன் உருப்பெருக்கியின் பக்கம் திரும்பினான். அதன் அடியில் ஒரே ஒரு காம்பு இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"பூந்தொட்டியிலயும் இது வளரும்னு நீதானே சொல்லுவே?" அவன் குரல் சின்னப் பையனுடையதுபோல் ஒடுங்கியிருந்தது. "அது பொய்யில்லையே. அதை மட்டும் எழுதிக் குடுத்துடுக்கா."