ஏழாம் வார்டுக்குப் போன நல்ல சேதி

கிர்கிஸ் நாட்டின் பிஷ்கெக்கில் ஆஸ்பத்திரி ஆய்வகம் இப்போது பளபளக்கிறது. கேட்ட சாயமெல்லாம் மறுநாளே வந்துவிடுகிறது. ஆனாலும் கட்டிகளைச் சோதித்துச் சொல்லும் டாக்டர் புருல்சாவின் மனசு தொண்ணூற்றாறாம் வருஷத்துக்கே ஓடும். நிலவறையில் ஓர் அறை, ஜாம் பாட்டிலில் ஊறும் சதைக்கட்டிகள், குளிருக்குத் துணி அடைத்த ஜன்னல், பழைய நுண்ணோக்கி. வசதி என்று ஒரு மண்ணும் கிடையாது. அந்த நாட்களுக்காகத்தான் ஏங்குகிறாள்.

அந்த இலையுதிர்காலத்தில் எட்டு வயது மீரிமின் அட்ரீனல் சுரப்பியை ஒட்டி ஒரு கட்டி. அதை வெட்டியெடுத்த சாகின்பாய், புருல்சாவோடு படித்தவர், சீட்டில் புற்று என்றே எழுதி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை கீமோ ஆரம்பம்.

அந்தக் கட்டியைச் சீவி வைத்த கண்ணாடித் தகட்டைப் பார்த்த புருல்சாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீள நீளமான செல்கள், வேலி நட்டாற்போல் வரிசை வரிசையாய்.

"இது புற்றே இல்ல சாகின்பாய். நரம்போட உறையில வளர்ற சாதுக் கட்டி."

"சின்னக் கொழந்தைக்கு அந்த எடத்துல அதெல்லாம் வராது. டீயக் குடிச்சிட்டு மறுபடி பாரு."

"வந்திருக்கே. எட்டு எடத்துல சீவிப் பாத்துட்டேன்."

நரம்புறைச் செல்லைக் காட்டிக்கொடுக்கும் சாயம் நாலு சொட்டுதான் மிச்சம். அடுத்தது எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது. மொத்தத்தையும் ஊற்றினாள். தகடு முழுக்கப் பழுப்பேறியது; நரம்புறையேதான். சாகின்பாயே இறங்கி வந்து பார்த்தார். கீமோச் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

நல்ல சேதி கொண்டுபோகிறவர் அங்கே முதலில் "சூயுன்ச்சு" என்று கேட்பார். கையில் பரிசு விழுந்த பிறகுதான் சேதி. தம்பி பிறந்தபோது தெருவெல்லாம் ஓடி, அப்படிக் கேட்டே மிட்டாய் வாங்கியவள் புருல்சா. இந்த வேலைக்கு வந்த இருபது வருஷத்தில் அந்தச் சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. அன்று தலைகால் புரியாமல் படியேறினாள்.

"சூயுன்ச்சு" என்றாள், வார்டு வாசலிலேயே.

மீரிமின் அம்மா எழுந்து நின்றாள். "கையில ஒண்ணுமே இல்லியேக்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அப்போதுதான் மற்ற ஐந்து கட்டில்களும் புருல்சாவின் கண்ணில் பட்டன. எல்லாத் தாய்மார்களும் அவளையே பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜன்னலோரத்தில் மகனை மடியில் கிடத்தியிருந்த ஜிபார் தன் தலைத்துணியை அவிழ்த்து நீட்டினாள்.

"அவளுக்காக நான் தர்றேன், வாங்கிக்கங்கக்கா. நாளைக்கு எனக்கும் நீங்கதான வந்து சொல்லணும்? அதுக்கும் சேத்துன்னு வெச்சுக்கங்க."

அவள் மகனின் தகட்டைப் புருல்சா முந்தின நாளே பார்த்து எழுதிவிட்டாள். வேண்டாம் என்றால் அதுவே பதிலாகிவிடும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.