கடைசிக் காயில்

மூன்றாம் நாளும் மூடுபனி, விமானம் வரவில்லை. நடுக்கடலில் கிடக்கும் சாத்தம் தீவில் இதெல்லாம் செய்தியே அல்ல. ஆனால் ஹோஹெபாவின் வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, புதுக் காயில்கள் அந்த விமானத்தில்தான் வரவேண்டும். பஞ்சில் ஊறிய திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் கம்பிச்சுருள்தான் காயில். கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் காலையிலிருந்து கருகிய சர்க்கரை வாடை அடித்தது.

ஹோஹெபா சிங்கி இறால் பிடிக்கிறவன். சிகரெட்டை விட்டு எழுபத்தொரு நாள். "இன்னொரு சிகரெட்ட உன் வாயில பாத்தேன்னா, அடுத்த ப்ளேன்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்று மனைவி நைரி ஒருமுறை சொல்லியிருந்தாள். எதையும் இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. கடையில் ரொட்டி தீர்ந்திருந்தது. சிகரெட் தீரவில்லை.

அழைக்காமலே ராட்னி வந்தான். வேப் விஷயத்தில் அவன் நிபுணர். பட்டம் கொடுத்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. இணையத்தில் அவன் காணொளிகளுக்கு முப்பத்தெட்டு ரசிகர்கள். அதில் இரண்டு பேர் அவன் அம்மா.

பூதக்கண்ணாடியை எடுத்துக் காயிலைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரனான நான் நோயாளியின் உறவினன் போல நின்றேன்.

"நிறத்தப் பாரு ப்ரோ. தேன் நிறம்னா இளமை. காப்பி நிறம்னா நடு வயசு. இது தாரு. களகளன்னு சத்தம், புகை கம்மி, தொண்டையில கமறல். எல்லா லட்சணமும் இருக்கு."

"பொழைக்குமா, அத மட்டும் சொல்லு" என்றான் ஹோஹெபா. அவன் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"லிக்விட் இல்லாம கம்பியச் செவக்கக் காய்ச்சணும். படிஞ்சதெல்லாம் சாம்பலாயிடும். நூறு தடவ பண்ணிருக்கேன்."

"அது நீயா சுத்துற கம்பிக்கு. அதுல பஞ்ச எடுத்துட்டுக் காய்ச்சுவ. இதுல பஞ்ச உள்ளயே அடைச்சு வச்சிருக்கான்" என்றாள் நைரி.

"இதுல கொஞ்சம் அறிவியல் இருக்கு நைரி."

"அப்ப அந்த அறிவியல உன்னுதுல பண்ணு."

மானப் பிரச்சினை. ராட்னி தன் வேப்பை எடுத்தான். நிபுணரும் அன்றாடம் இழுப்பது கடைக் காயில்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினான். உள்ளே பஞ்சு பற்றிக்கொண்டது. துணி பொசுங்குகிற நாற்றம். எல்லோரும் வெளியே ஓடினோம்.

"இந்த பேட்ச் சரியில்ல" என்று இருமியபடி ராட்னி நேராகக் கடைக்கு நடந்தான்.

நைரி ஹோஹெபாவின் காயிலை வெந்நீரில் போட்டுக் குலுக்கினாள். பழுப்பு நீர் தெளியும்வரை ஊற்றி ஊற்றி மாற்றினாள். பிறகு இரண்டு மணி நேரம் வோட்காவில் ஊறவைத்தாள். மறுபடி வெந்நீர். கடைசியில் அடுப்புப் பக்கம் காகிதத்தில் வைத்தாள்.

"முழுசாக் காயணும். நாளைக்கு மத்தியானம்."

"நாளைக்கா?"

அவள் வோட்கா பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தாள்.

ஹோஹெபா விறகு பிளந்தான். கிழியாத வலையைத் தைத்தான். அரைமணிக்கொரு தடவை காயிலைப் பார்த்துவிட்டு வந்தான். நைரி உட்காரவே இல்லை.

மறுநாள் பதினொன்றரைக்கு ராட்னி வாசற்படியில் வந்து உட்கார்ந்தான், வாயில் சிகரெட்டோடு. பெட்டியைத் திறந்து நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு ப்ரோ. அவ உள்ளதான இருக்கா."

ஹோஹெபாவின் கை நீண்டது. இரண்டு விரலால் ஒன்றைப் பிடித்தான். உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. நைரி எட்டிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிகரெட் பாதி வெளியே வந்துவிட்டது.

அதைப் பெட்டிக்குள் திரும்பத் தள்ளினான்.

"எழுந்து போடா. உன் மேல நாத்தம் அடிக்குது."

உள்ளே போனான். நைரி காயிலில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, வேப்பில் திருகினாள். "பத்து நிமிஷம். பஞ்சு ஊறணும்."

பத்து நிமிடமும் ஹோஹெபா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படி இருக்கு?" என்று நைரி கேட்டாள்.

"கேவலமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி இழுத்தான்.

நைரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.