ஆல்டரிக்கின் தாளில் ஓர் ஓட்டை

1

இந்தக் கதை ஒரு தபால் உறையிலிருந்து தொடங்கியது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு உந்துதல் எதுவும் இல்லை. என் பழைய நண்பன் வெர்லின் வீடு மாறுகிறான். பழைய பெட்டிகளைக் கிளறியபோது கிடைத்ததாம், அனுப்பியிருக்கிறான். 1984இல் நாங்கள் ஐந்து பேர், விஸ்கான்சின் குளிருக்கு ஹீட்டரை ஒட்டி மேசை போட்டு, என் அம்மா வீட்டுக் கீழ்த்தளத்தில் ஞாயிறு மதியங்களில் பகடை உருட்டி ஒரு மாயலோக விளையாட்டு ஆடினோம். அதில் அவனுடைய பாத்திரத்தின் விவரத்தாள் அது. பெயர்: ஆல்டரிக். தொழில்: புனித வீரன். குணம் என்ற இடத்தில் ஓர் ஓட்டை.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "மார்வ், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு வர்றேன்டா. அந்த எடத்துல என்ன எழுதணும்னு நீதான் சொல்லணும்."

நான்தான் சொல்ல வேண்டும். அங்கே இருந்ததை அழிக்கச் சொன்னவனும் நான்தான். ஏன் சொன்னேன் என்று அவனிடம் ஒப்புக்கொள்ளும் தைரியம் வருமா என்று பார்க்கவே இதை எழுதுகிறேன்.

2

(முதல் தொடக்கம்.) மலைக்கோட்டையின் மீது பனி விழுந்துகொண்டிருந்தபோது ஆல்டரிக் தன் வாளை உருவி

வேண்டாம். பனி வெளியேதான் விழுந்தது. கோட்டை வரைதாளில் இருந்தது, அதன் தெற்கு மூலையில் யாரோ சீஸ் துண்டை வைத்துவிட்டார்கள்.

(இரண்டாவது.) நன்மை என்றால் என்ன?

இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

3

விளையாடாதவர்களுக்கு ஒரு குறிப்பு. பாத்திரங்களின் குணத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. மேலிருந்து கீழே: நல்லவன், நடுவில் ஒருவன், கெட்டவன். குறுக்கே: விதிப்படி நடப்பவன், நடுவில் ஒருவன், மனம்போனபடி நடப்பவன். மொத்தம் ஒன்பது கட்டம். மனிதகுலம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும் என்று இருபத்திரண்டு வயதில் நம்பினோம். புனித வீரன் மட்டும் எப்போதும் விதிப்படி நடக்கும் நல்லவனாகவே இருக்க வேண்டும். ஒரு பொய் சொன்னாலும் போச்சு. தொட்டுக் காயம் ஆற்றும் வரம் போய்விடும், கூப்பிட்டால் குதிரைகூட வராது.

யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்பதை கதையை நகர்த்தி மற்ற எல்லாருக்கும் குரல் கொடுக்கும் ஆட்ட நடத்துனர் தன் மறைப்பு அட்டைக்குப் பின்னால் ரகசியமாகக் குறித்துவருவார். எங்கள் நடத்துனர் நான். நடத்துனருக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. வசதியான ஏற்பாடு.

4

அந்த வாரம் சீஸ் தொழிற்சாலையில் என் தம்பி டெல்மர் ஒரு வால்வை மூட மறந்தான். ஒரு தொட்டிப் பால் முழுவதும் தரையில் ஓடியது. எங்கள் ஊரில் அது கொலைக்கு அடுத்த குற்றம். யார் செய்தது என்று மேற்பார்வையாளர் கேட்டார். அதே ஷிப்டில் இருந்த வெர்லின், இவன்தான் என்றான். "விதின்னா விதிதான்" என்று சொல்லி மேற்பார்வையாளர் தம்பியை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்டரிக்குக்காக நான் ஒரு காவலாளியைப் படைத்தேன். கோட்டைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிவிட்டவன். அரசனின் ஆட்கள் வந்து, யார் தவறு என்று ஆல்டரிக்கைக் கேட்கிறார்கள். உண்மை சொன்னால் காவலாளி தூக்கில் தொங்குவான். பொய் சொன்னால் ஆல்டரிக் புனித வீரனாக இருக்க முடியாது. வேறு வழி ஒன்றுகூட வைக்காமல் அடைத்திருந்தேன். அதற்கு ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவானது.

வெர்லின் பகடையைத் தொடவில்லை. வரைதாளையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அவன் தூங்கல. கதவத் தெறந்து வெக்கச் சொன்னதே நான்தான்."

"புனித வீரன் பொய் சொல்லிட்டான்" என்றேன். "அழி."

எங்களில் ஒருவன் பொறுக்காமல், ஒரு உயிரைக் காப்பாற்றத்தானே சொன்னான் என்று சண்டைக்கு வந்தான். "விதின்னா விதிதான்" என்றேன். வெர்லின் ரப்பரை எடுத்து, 'விதிப்படி நடக்கும் நல்லவன்' என்பதைத் தாள் கிழியும்வரை அழித்தான். அடுத்த வாரத்திலிருந்து விளையாட வரவில்லை.

6

எனக்குத் தம்பி கிடையாது. டெல்மரை நான்காம் பகுதிக்காகப் படைத்தேன், காவலாளியைப் படைத்ததுபோல. வால்வை மூட மறந்தவன் நான். (அந்தப் பகுதியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், இந்த எழுத்தாளன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்.)

இன்னொன்று. "என்னைப் பார்த்துச் சொன்னான்" என்று ஐந்தாம் பகுதியில் எழுதினேன் இல்லையா? எழுதும்போதுதான் நின்றேன். தொழிற்சாலையில் எனக்காகச் சொல்ல முடியாத பொய்யை அவன் என் மேசையில் வந்து சொன்னான். மன்னிப்புக் கேட்க அவனிடம் இருந்த ஒரே நல்ல பொருள் ஆல்டரிக். நான் அதை வாங்கிக்கொண்டு அவனுக்குத் தண்டனை கொடுத்தேன். இது புரிய நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

7

முடிவுகள்.

ஒன்று: ஆல்டரிக்குக்குப் பிராயச்சித்தப் பயணம். மலை ஏறுகிறான், தெய்வம் தோன்றி மன்னிக்கிறது. ஆனால் தெய்வத்துக்கும் குரல் கொடுப்பவன் நான். மன்னிக்க வேண்டியவன் மன்னிப்பு வாங்குபவனாக

விட்டுவிடுகிறேன்.

இரண்டு: பழிவாங்கத்தான் அழிக்கச் சொன்னேன் என்று உண்மையைச் சொல்கிறேன். அவன் சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்டா" என்கிறான். இது என் ஆசை. கதைக்குள் இதை விடமாட்டேன்.

மூன்றாவது என்னிடம் இல்லை. மணி இரண்டாகப் பத்து நிமிடம். ஓட்டையைப் பின்பக்கத்திலிருந்து ஒட்டிவிட்டேன், அங்கே என்ன எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மறைப்பு அட்டையை மேசையில் வைக்கவில்லை. ஒன்பது கட்டத் தாளின் ஓரத்தில், கோடுகளுக்கு வெளியே, முதல்முறையாக என் பெயரை எழுதியிருக்கிறேன். அதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பென்சில் இதோ இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம், வெர்லின் வாசலில் ஷூவில் ஒட்டிய பனியை உதறுகிறான்.