பச்சை உடம்புக்காரி

கடலுக்குப் போய் வந்த கையோடு இளவழகன் அடுப்படியில் உட்கார்ந்து சுறாக் கருவாட்டைத் துண்டு போட்டான். மனைவி வளர்மதி பிள்ளை பெற்று ஒரு வாரம் தாண்டிவிட்டது. பால் ஊறக் கருவாட்டுக் குழம்பு என்பது அந்தக் குப்பத்தின் சட்டம். அதை ஒரு வேளைகூட விட்டதில்லை என்று அவனுக்குப் பெருமை வேறு.

"எனக்கு வேணாய்யா. தல பொளக்குது. கண்ணு வேற மங்கலா தெரியுது" என்றாள் வளர்மதி.

"புள்ள எங்க தூங்க வுடுது? முழிச்சிக் கெடந்தா அப்டித்தான் இருக்கும். சாப்டு."

பிரசவத்தின்போதே அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஒரு வாரத்துக்குள் வந்து பிரஷர் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா இவனிடம்தான் சொல்லி அனுப்பினார். இவனும் பெரிதாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும் புத்தி வேறு கணக்குப் போட்டது. பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனி பிரஷர் ஏது? மாத்திரை பாலில் இறங்கினால் குழந்தைக்கு ஆகாதே என்று அதைப் பரணில் தூக்கிப் போட்டான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் குப்பத்தின் பின்னால் கிடக்கும் ஏரியைப் படகில் தாண்டிப் போக வேண்டும். பிரசவித்தவளுக்கு வீட்டில் தலைக்கு ஊற்றிவிட்டால் முப்பது நாள் படகேற்றுவதில்லை. ஏரிக்காற்று ஆகாது என்பார்கள்.

"காலெல்லாம் வீங்கிக் கெடக்குதுய்யா. ஆஸ்பத்திரிக்கு இட்னு போயேன்."

"பச்ச ஒடம்புடி. முப்பது முடியட்டும், நானே இட்னு போறேன்."

அன்று மத்தியானமே அவளுக்கு வலிப்பு வந்தது. அப்போது முப்பதும் நினைவில்லை, காற்றும் நினைவில்லை. அள்ளிப் படகில் போட்டுக்கொண்டு பறந்தான். பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் மூளையில் இரத்தம் கசிந்திருந்தது.

உயிர் தங்கியது. வலது கை விழுந்துவிட்டது.

"பிரசவத்துக்கு அப்புறமும் ஆறு வாரம் வரைக்கும் பிரஷர் ஏறலாம்" என்றார் டாக்டரம்மா. "பால் குடுக்கிறவங்க சாப்பிடக்கூடிய மாத்திரைதான் குடுத்தேன். சந்தேகம்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

ஊரார் யாரும் அவளைச் சாகக் கிடத்தவில்லை. பாசத்தோடு பார்த்துக்கொண்ட தானேதான் கிடத்தினோம் என்பது இளவழகனின் நெஞ்சை அறுத்தது.

குழந்தை அழுதது. வளர்மதியால் தூக்க முடியவில்லை. அவன்தான் எடுத்து அவள் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"என்மேல கோவமா?"

அவளுக்கு வார்த்தை குழறியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வலிச்சது எனக்கு. காரணம் சொன்னது நீ. புள்ள பெத்தவ தல வலிக்குது, கண்ணு தெரியலன்னு சொன்னா, இனிமே யாரையும் காரணம் சொல்ல வுடாதய்யா. மொதல்ல பிரஷரப் பாக்கச் சொல்லு."