சொல்லாத பெயர்

நூர்முகமதுவின் மையத்தை, உயிர் போன உடலை, குளிப்பாட்டக் கொல்லைக்குப் போன ரஹ்மத்துல்லாவின் கையிலிருந்து வாளியை மதார் சாகிப் பிடுங்கி வைத்த சத்தம், அறைக்குள் இருந்த அக்தர் பேகத்துக்குக் கேட்டது.

“நவுரு. எந்தம்பிய நீ தொடாத. அவன் பொழப்பு போச்சு, நீ இன்னும் பறந்துகினு கீறே.”

ரஹ்மத்துல்லா அவள் தம்பி. மதார் சாகிப் அவள் கணவர் நூர்முகமதுவின் அண்ணன்.

கணவரும் தம்பியும் ஒரே கம்பெனியில் விமானம் ஓட்டினார்கள். ஒரு மழை நாளில் தம்பி இறக்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சேற்றில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. சில மாதம் உட்கார வைத்து, மறுபடி பயிற்சி கொடுத்து, பறக்க விட்டார்கள். மறுவருஷம் அதே மழை, அதே சேறு, இந்தமுறை நூர்முகமது. அப்போதும் யாருக்கும் அடியில்லை. ஆனால் நடுவில் எங்கோ வேறொரு விமானம் விழுந்து, பத்திரிகைகள் கத்தியிருந்தன. அவரை வேலையை விட்டே நீக்கினார்கள்.

அதன்பின் கோவளத்துக்கு வந்து, மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களுக்கு வேன் ஓட்டினார். இன்று காலை திருக்கழுக்குன்றத்தில், வேன் கதவைத் திறந்தவர் அப்படியே சரிந்தார்.

“ஒரே தப்புதானே, உன் புருஷனுக்கு மட்டும் ஏன்?” பெருநாளிலும் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் இதையே கேட்டார்கள். சற்றுமுன் கூட ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தியபடி கேட்டாள். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

“காசு குடுத்துத் தப்பிச்சவன்தானே நீ?” என்றார் மதார் சாகிப் வெளியே.

அக்தர் பேகம் எழுந்து திரைக்குப் பின்னால் போய் நின்று சொன்னாள்:

“பெரிய மச்சான், காசெல்லாம் ஒண்ணும் குடுக்கல. விசாரணைக்கு வந்த வெளியாளுங்ககிட்ட உங்க தம்பி, ‘போன வருஷம் ஒரு நியாயம், இந்த வருஷம் வேற நியாயமா’ன்னு கேட்டாரு. யாரைச் சொல்றே, பேரைச் சொல்லுன்னாங்க. சொன்னா இவன் கேஸையும் மறுபடி எடுப்பாங்க. அவரு வாயத் தொறக்கல.”

அக்தர் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தொடர்ந்தாள்.

“வூட்டுக்கு வந்து நான் சண்ட போட்டேன். ‘அவனையும் எறக்கி வுட்டா எனக்கு வேல திரும்பி வருமா’ன்னாரு. அவரே சொல்லாத பேரு. இன்னிக்கு நீங்க ஏன் மச்சான்?”

“இது இவனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் மதார் சாகிப்.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. திரை நடுவில் இருந்தது. அவன்தான் சொன்னான்:

“தெரியாது.”

வாளியை அவன் பக்கம் நகர்த்தும் சத்தம் கேட்டது. மதார் சாகிப், “சட்டக் கையை மடிச்சிக்கோ, நனையும்,” என்றார்.

அக்தர் பேகம் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து கால்களை நீட்டினாள். பக்கத்து வீட்டு லத்தீஃபா எப்போதோ வைத்துவிட்டுப் போன தேநீர் ஆடை கட்டியிருந்தது. ஒரு விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு அதைக் குடித்தாள்.